ஸ்பேர் டேங்க் நிறைய, ரேடியேட்டர் காலி: காட்பாடி கார் ஒன்றின் கூலன்ட் கசிவு – நிகழ்வு ஆய்வு

வண்டி பத்து வயதான 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். மேனுவல் கியர், ஓட்டம் 92,000 கிலோமீட்டர். காட்பாடியில் நிற்கும் வண்டி, தினமும் திருவலம் வழியாக ராணிப்பேட்டை சிப்காட் போய்த் திரும்பும். பட்டறைக்கு வந்தது கத்திரி வெயில் தொடங்கிய வாரம்.

உரிமையாளர் சொன்ன புகார் மூன்று. ஏசி போட்டபடி வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றால் வெப்ப முள் பாதியைத் தாண்டி ஏறுகிறது, வண்டி ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் டேஷ்போர்டுக்குள் சளசளவென்று தண்ணீர் ஓடும் சத்தம். நிறுத்தி இறங்கினால் பானெட் பக்கம் வெல்லப்பாகு காய்ச்சுகிற மாதிரி ஒரு இனிப்பு வாடை. தரையில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

"ஸ்பேர் டேங்குல லெவல் அப்படியேதான் இருக்குது அண்ணே. எப்பவாவது கொஞ்சம் ஊத்திக்கினு போறேன், அவ்ளோதான்."

இந்தப் பேச்சில்தான் வழக்கின் முடிச்சு இருந்தது.

லெவல் ஏன் பொய் சொன்னது

இந்த வகை வண்டியில் அழுத்த மூடி ரேடியேட்டர் மேலேயே இருக்கும். பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் ஸ்பேர் டேங்கில் அழுத்தம் கிடையாது. இன்ஜின் சூடேறினால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) விரியும். அழுத்தம் மூடியின் அளவைத் தாண்டியதும் மிகுதி சின்னக் குழாய் வழியாக ஸ்பேர் டேங்குக்குப் போகும். இன்ஜின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியில் உள்ள சின்ன வால்வு திறந்து, போன தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஆரோக்கியமான வண்டியில் ஸ்பேர் டேங்க் லெவல் சூட்டில் ஏறி, ஆறியதும் இறங்குவது இதனால்தான்.

ரேடியேட்டரில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. ஆறும்போது உண்டாகும் வெற்றிடத்துக்கு, மூடியின் வால்வைத் திறந்து கூலன்டை இழுப்பதைவிட ஓட்டை வழியாகக் காற்றை இழுப்பது சுலபம். ஸ்பேர் டேங்கில் தண்ணீர் அப்படியே நிற்கும்; ரேடியேட்டரில் மேல் வரிசைகள் ஒவ்வொன்றாகக் காலியாகும். ஹீட்டர் கோருக்குள் (டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்) காற்று புகுந்ததன் அடையாளம்தான் அந்தக் காலைநேரச் சளசளப்பு. நின்றால் முள் ஏறுவதற்கும் அதுவே காரணம். ஓடும்போது எதிர்க்காற்று ஈடுகட்டிவிடும். நிற்கும்போது ஃபேன் மட்டும் போதாது.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து பார்த்ததில் கழுத்திலிருந்து கீழே கூலன்ட் கண்ணுக்கே தெரியவில்லை. நிரப்ப 700 மி.லி. பிடித்தது. ஸ்பேர் டேங்க் அப்போதும் 'ஃபுல்' கோட்டுக்கு ஒரு விரல் கீழேதான் இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சூடான ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திருகித் திறக்கும் பழக்கம் நம் சாலையோரங்களில் இன்னும் ஒழியவில்லை. 0.9 பார் அழுத்தத்தில் உள்ள தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அதில் ஒரு பகுதி ஆவியாகி, கொதிநீரையும் தள்ளிக்கொண்டு சீறும். முகம், மார்பு, கை வெந்துவிடும். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். விறைப்பாக இருந்தால் மூடியைத் தொடக்கூடாது. குறைந்தது முக்கால் மணி நேரம் பொறுக்க வேண்டும்.

முன்னால் நடந்த கைவேலைகள்

வண்டி இங்கே வருமுன் வேறொரு இடத்தில் இரண்டு காரியம் நடந்திருந்தது. ஒன்று, மூடி மாற்றப்பட்டிருந்தது. கம்பெனி மூடியில் 0.9 என்று பொறித்திருக்கும். புதிதாகப் போட்டிருந்தது 1.1. "பவர் ஜாஸ்தி மூடி, ஒழுகாது" என்று சொல்லி மாட்டினார்களாம். ஓட்டை உள்ள ரேடியேட்டரில் அழுத்தத்தை 13 பிஎஸ்ஐயிலிருந்து (0.9 பார்) 16 பிஎஸ்ஐக்கு (1.1 பார்) ஏற்றினால் கசிவு கூடத்தான் செய்யும். ரேடியேட்டரின் பக்கத்தோடு சேர்ந்திருக்கும் பத்து வயதுப் பிளாஸ்டிக் டேங்குக்கும் அது நல்லதல்ல. மூடியில் உள்ள எண் வண்டிக்கானது, விருப்பத்துக்கானதல்ல.

இரண்டாவது, மேல் ஹோஸ் கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கி முறுக்கி ரப்பரை வெட்டும் அளவுக்கு இறுக்கியிருந்தார்கள். கசிவு அங்கே இல்லை. ஆனால் அடுத்த கோடையில் அங்கே வந்திருக்கும்.

டிக்கியில் இரண்டு லிட்டர் பாட்டிலில் வீட்டு போர் தண்ணீர் இருந்தது. "எப்பவாவது கொஞ்சம் ஊத்திக்கினு போறேன்" என்று சொன்னது இதைத்தான்.

எங்கே ஓட்டை

சோதனையை வெளியிலிருந்து உள்ளே, சுலபத்திலிருந்து கடினத்துக்கு என்ற வரிசையில் செய்வது நேரம் மிச்சம். ஓட்டுநர் பக்கமும் பக்கத்துச் சீட்டுப் பக்கமும் கால்மிதி கார்ப்பெட் காய்ந்திருந்தது; ஹீட்டர் கோர் கசிவு இல்லை. வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்னத் துளையில் ஈரமோ கறையோ இல்லை. பம்ப் சீல் சரி. ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் நிறம் இல்லை. ரேடியேட்டர் கழுத்தில் பிளாக் டெஸ்ட் திரவத்தை வைத்து இன்ஜினை ஓட்டியதில் நீலம் நீலமாகவே இருந்தது, மஞ்சளாகவில்லை. ஹெட் கேஸ்கட் கிழிந்து இன்ஜினில் எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறதா என்ற பெரிய பயம் இத்தோடு தீர்ந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ரேடியேட்டரைக் கழற்றுவது, செலவு செய்த பிறகும் வண்டி சூடேறிக்கொண்டே இருப்பதற்கான நேர்வழி.

பிறகு கை பம்ப் அழுத்தச் சோதனை. மூடி இருக்குமிடத்தில் சோதனைக் கருவியை மாட்டி, ஆறிய இன்ஜினில் 13 பிஎஸ்ஐ வரை ஏற்றி விட்டதில் பத்து நிமிடத்தில் 9-க்கு இறங்கியது. சீல் அல்லது கிளிப் கசிவு என்றால் எங்காவது சொட்டுத் தெரியும். இங்கே எதுவும் தெரியவில்லை. டார்ச்சை ஃபேன் இடுக்கில் நுழைத்துப் பார்த்ததில்தான் கோரின் (கூலன்ட் ஓடும் மெல்லிய டியூப்களின் அடுக்கு) இடதுபக்க அடி மூலையில், ரேடியேட்டரின் பக்க டேங்கிலிருந்து சுமார் நான்கு சென்டிமீட்டரில், கடுகு அளவு நீர்க்குமிழ் ஒன்று உருவாகி உடைந்து உருவாகிக்கொண்டிருந்தது.

அதைச் சுற்றி ஃபின்கள் (டியூப்களுக்கு இடையே உள்ள மெல்லிய தகடுகள்) மேல் வெள்ளைப் பொடி. அதன் ஓரத்தில் காய்ந்த பச்சைக் கறை. வெள்ளை, அலுமினியம் அரித்த உப்பு. பச்சை, கூலன்டின் சாயம். தரையில் சொட்டு விழாததற்கு விளக்கமும் இதுவே. ஓடும்போது ரேடியேட்டர் சூடாக இருக்கும். வெளியே வரும் துளி அங்கேயே காய்ந்து, நீர் ஆவியாகி, கூலன்டில் உள்ள கிளைக்காலும் உப்பும் மட்டும் படிகிறது. இனிப்பு வாடை அந்த மிச்சத்திலிருந்து வருவது. ஒழுகலைத் தேடுபவர் ஈரத்தைத் தேடுவதைவிட வெள்ளைப் பொடியைத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

ஏன் ஓட்டை

திருவலம் சாலையில் டிப்பர் லாரிகளின் பின்னால் ஓடும் வண்டி. எனவே முதலில் சந்தேகம் வந்தது ஜல்லிக்கல் மேல். ஆனால் ஃபின்கள் நேராக இருந்தன. டியூபில் பள்ளமோ கீறலோ இல்லை. முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரிலும் அடி இல்லை. கல் பட்டிருந்தால் முதலில் வாங்குவது கண்டென்சர்தான். ஆகவே அரிப்பு உள்ளேயிருந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

உள்ளேயிருந்து அலுமினியத்தை அரிக்க வழக்கமான காரணங்கள் இரண்டு. ஒன்று கசியும் மின்சாரம். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் கேபிள் கெட்டிருந்தால் மின்சாரம் கூலன்ட் வழியே போகப் பார்க்கும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்டில் நனைத்து, முன்விளக்கும் ஃபேனும் ஏசியும் ஓடும்போது பார்க்க வேண்டும். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில் கோளாறு. இந்த வண்டியில் 0.05-தான் வந்தது. சுத்தம்.

இரண்டாவது காரணம் தண்ணீர். ரிஃப்ராக்டோமீட்டரில் கூலன்டின் கிளைக்கால் அளவு 17 சதவீதம். இருக்க வேண்டியது பாதிக்குப் பாதி. டிக்கியில் இருந்த போர் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது) வைத்ததில் 1,380. குடிநீருக்கு இந்தியத் தர அளவு 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது. அதாவது குடிக்க முடிந்த தண்ணீர்தான். ஆனால் ரேடியேட்டர் குடிக்கக் கூடாத தண்ணீர். பாலாற்றுப் படுகையில் கடினநீர் புதிதல்ல. தோல் தொழில் நடக்கும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் நிலத்தடி நீரின் உப்பு ஊரறிந்த செய்தி. அந்தத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு சூட்டில் பிரிந்து டியூப் சுவரில் படிகிறது. குளோரைடு அலுமினியத்தின் மேல் உள்ள காப்புப் படலத்தைத் துளைத்துக் குழி பறிக்கிறது. கூலன்டில் உள்ள அரிப்புத் தடுப்பு மருந்து இதைத் தடுக்கத்தான் இருக்கிறது. ஆனால் கிளைக்காலோடு சேர்ந்து அதுவும் மூன்றில் ஒரு பங்காகக் கரைந்துவிட்டது.

இன்ஜின் ஓடும்போது அகச்சிவப்பு வெப்பமானியால் கோரை மேலிருந்து கீழாக அளந்ததில் இன்னொன்று தெரிந்தது. வெப்பம் படிப்படியாகக் குறைந்து வந்து, அடி ஆறு டியூப்களில் மட்டும் திடீரென்று விழுந்தது. அங்கே ஓட்டமே இல்லை, சேறு. குறுக்குவாட்டு ரேடியேட்டரில் படிவு எப்போதும் அடி வரிசையில்தான் தங்கும். அரிப்பும் படிவுக்கு அடியில்தான் வேகமாக நடக்கும். ஓட்டை அடி மூலையில் இருந்தது தற்செயல் அல்ல.

எதைச் செய்யவில்லை, ஏன்

மஞ்சள் தூள். நெடுஞ்சாலை லாரிக்காரர்களின் கை வைத்தியம் இது; மிளகுத் தூள், முட்டை வெள்ளைக்கரு என்றும் வகைகள் உண்டு. தூள் நீரில் உப்பி ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும் என்பது உண்மை. தடிமனான பித்தளை டியூப் உள்ள பழைய லாரியில் ஆள் இல்லாத காட்டில் நின்றுவிட்டால் அது நம்மை ஊர் சேர்க்கும். அலுமினிய காரின் டியூப் உள்ளே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளிதான். அதில் ஏற்கனவே சுண்ணாம்பு. ஓட்டையோடு சேர்த்து ஹீட்டர் கோரும் அடையும். கடையில் விற்கும் ஸ்டாப்-லீக் பொடிகளும் கொள்கையளவில் இதே இனம். இந்த வண்டியில் கோரின் அடி ஏற்கனவே அடைபட்டிருந்ததால் அதையும் போடவில்லை.

ஈயப் பற்று. அம்பாசடர் காலத்து செம்பு-பித்தளை ரேடியேட்டரை ஃபிளக்ஸ் தடவி ஈயம் வைத்து ஒட்டும் கைத்திறன் இந்தப் பக்கப் பழைய ரேடியேட்டர் கடைகளில் இன்னும் இருக்கிறது. அலுமினியத்தின் மேல் உள்ள ஆக்சைடு படலம் ஈயத்தைப் பிடிக்க விடாது. அலுமினியத்துக்கென்று துத்தநாகக் கம்பிகள் உண்டு. அவை சுமார் 380 டிகிரியில் உருகும். ஓட்டை பிளாஸ்டிக் டேங்கிலிருந்து நான்கு சென்டிமீட்டரில். டேங்கின் நைலான் 260 டிகிரியில் உருகிவிடும். ஈரத் துணி சுற்றிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே அந்த ஆபத்து தேவைப்படவில்லை.

எம்-சீல். குழாய் வேலைக்கு நல்லது. ரேடியேட்டர் சூட்டில் தினமும் விரிந்து சுருங்கும் மெல்லிய அலுமினியத்தில் விளிம்பிலிருந்து உரிந்து வரும். வீட்டில் பொருள் ஒட்ட வைத்திருக்கும் சாதாரண எபாக்ஸியும் கூலன்ட் சூட்டில் இளகும். தேவை, உலோகத் தூள் கலந்த, 200 டிகிரிக்கு மேல் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும் இரண்டு-டியூப் எபாக்ஸி.

புது ரேடியேட்டர் போடலாமா என்ற கேள்வி நியாயமானது. ஓட்டை ஒரே இடத்தில், டேங்க்-கோர் இணைப்பு சுத்தம், டேங்கில் வெடிப்பு இல்லை. எனவே முதலில் சரி செய்து பார்க்கலாம் என்று உரிமையாளரிடம் பேசி முடிவானது. ஓட்டைகள் இரண்டுக்கு மேல் போனாலோ வெவ்வேறு மூலைகளில் தெரிந்தாலோ பேச்சே இல்லாமல் புதுசு என்பதும் அப்போதே பேசப்பட்டது.

கழற்றியது, கழுவியது

பேட்டரி நெகட்டிவ் கழற்றப்பட்டது. ஃபேன் எப்போது வேண்டுமானாலும் தானாகச் சுற்றலாம். அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து கூலன்டை டப்பில் பிடித்தார்கள். இது எத்திலீன் கிளைக்கால், இனிப்பானது, விஷம். தெரு நாயும் மாடும் நக்கிவிடும்; சாக்கடையில் ஊற்றக் கூடாது. மூடியுள்ள கேனில் போட்டுத் தனியே வைக்க வேண்டும். ஃபேன் ஷ்ரௌட், மேல் பிராக்கெட் எல்லாம் 10 மில்லிமீட்டர் போல்ட்டுகள். முன்னால் உள்ள கண்டென்சரின் கேஸ் குழாயைத் தொடாமல் ரேடியேட்டரை மட்டும் மேலே உருவ வேண்டும். கழுத்தில் ஒட்டிப்போன ஹோஸைக் கத்தியால் குத்தி எடுக்காமல், லேசாகத் திருகி வழுக்கிவிட வேண்டும். பிளாஸ்டிக் கழுத்து பத்து வருடத்தில் பிஸ்கெட் மாதிரி ஆகியிருக்கும்.

ஒட்டும் முன் கழுவ வேண்டும் என்பதுதான் இந்த வேலையில் பலர் தலைகீழாகச் செய்யும் இடம். சுண்ணாம்பு சில ஓட்டைகளை மூடியே வைத்திருக்கும். ஒட்டிவிட்டுப் பிறகு கழுவினால் அவை வண்டியில் மாட்டிய பிறகு திறந்துகொள்ளும்.

மளிகைக் கடை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 40 கிராம், 60 டிகிரி சுடுநீர் இரண்டு லிட்டர். அதாவது இரண்டு சதவீதக் கரைசல். ரேடியேட்டரை நிரப்பி 30 நிமிடம் மட்டும். மூன்று முறை மாற்றியதில் முதல் தடவை வந்தது சுண்ணாம்புப் பால், மூன்றாவது தெளிவு. பாத்ரூம் கழுவும் ஆசிட், வாஷிங் சோடா, காஸ்டிக் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. எல்லாமே அலுமினியத்தைத் தின்னும். பிறகு வெளியே வரும் நீரின் டிடிஎஸ் உள்ளே போகும் நீரின் டிடிஎஸ்ஸுக்குச் சமமாகும் வரை அலசல். தெர்மோஸ்டாட்டை (சூடேறியதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) கழற்றி இன்ஜின் பிளாக்கும் அலசப்பட்டது. கடைசி இரண்டு அலசல் பேட்டரி தண்ணீரில் (உப்பு நீக்கிய நீர்).

அப்புறம் தண்ணீர்த் தொட்டிச் சோதனை. கழுத்துகளை ரப்பர் அடைப்பானால் மூடி, ரெகுலேட்டர் வைத்து 10 பிஎஸ்ஐ காற்று. கம்ப்ரசர் குழாயை நேராகச் செருகினால் 100 பிஎஸ்ஐக்கு மேல் ஏறி டேங்க் இணைப்பு பிளந்துவிடும். தொட்டியில் அமிழ்த்தியதும் பழைய இடத்தில் குமிழ்கள் வரிசையாக வந்தன. அரை நிமிடம் கழித்து, அதற்கு மேல் டியூபில், மூன்று விரல் தள்ளி, இன்னொரு மெல்லிய வரிசை. கழுவுமுன் இது இல்லை. இரண்டு ஓட்டைகள், ஒரே மூலை, பேசிய வரம்புக்குள்தான். ஈரத்தில் சாக்பீஸ் பிடிக்காது. ஃபின் இடுக்கில் சின்னக் கம்பித் துண்டு செருகி அடையாளம் வைப்பது வழக்கம்.

ஒட்டியது

ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் 12 மில்லிமீட்டர் அளவுக்கு ஃபின்களை நோஸ் பிளேயரால் மடக்கிப் பிய்த்து டியூப் வெறுமையாக்கப்பட்டது. இதனால் குளிர்ச்சி குறைவது கணக்கில் வராது. டியூபின் சுவர் காகித அட்டை கனம்தான். பிளேயர் முனை அதில் படக் கூடாது. பிறகு சின்ன எஸ்.எஸ். கம்பி பிரஷ், 120 நம்பர் உப்புத்தாள். பளபளப்பு போய் மங்கலாகும் வரை தேய்க்க வேண்டும். வழவழ மேற்பரப்பில் எந்தப் பசையும் நிற்காது. அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை துடைப்பு. அதற்குப் பிறகு விரல் படக் கூடாது. ஹேர் டிரையர் வைத்து உள்ளேயும் வெளியேயும் காய வைத்தார்கள். டியூபுக்குள் ஒரு துளி ஈரம் தங்கினால், ஒட்டும் நேரத்தில் அதே ஓட்டை வழியாக வெளியே வந்து பசையைக் கெடுக்கும்.

எபாக்ஸி இரண்டு டியூபிலிருந்தும் பட்டாணி அளவு, சமமாக, தகரத் துண்டின் மேல் இரண்டு நிமிடம் கலக்கப்பட்டது. டப்பாவில் வேலை நேரம் 25 நிமிடம் என்று போட்டிருக்கலாம். அது குளிர்ந்த ஊர்க் கணக்கு. பட்டறைக்குள் 38 டிகிரி இருந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கெட்டியாகத் தொடங்கிவிடும். இரண்டு ஓட்டைக்கும் சேர்த்து ஒரே தடவை கலக்காமல் தனித்தனியாகக் கலந்தது அதனால்தான்.

பசையை வெறுமனே மேலே தடவினால் அது ஓட்டையின் மேல் உட்கார்ந்த மூடிதான்; உள்ளேயிருந்து வரும் அழுத்தம் அதைத் தூக்கப் பார்க்கும். பசை ஓட்டைக்குள் இறங்க வேண்டும். அதற்காக ஒரு கழுத்தில் பிரேக் பிளீடிங் செய்யும் கை வேக்குவம் பம்பை மாட்டி லேசாக இழுத்தபடியே பசை வைக்கப்பட்டது. ஓட்டையின் மேல் பசை சின்னக் குழியாக உள்வாங்கியதும் இழுப்பை நிறுத்தி, அதன் மேல் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில், சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் பரவ இரண்டாவது பூச்சு. அதிகம் இழுத்தால் பசை உள்ளே வழிந்து டியூபையே அடைக்கும்.

நான்கு மணி நேரத்தில் தொட்டால் கல்லாக இருந்தது. அது முழு வலிமை அல்ல. 24 மணி நேரம் கழித்துத்தான் தொட்டிக்குள் 13 பிஎஸ்ஐ வைத்து 15 நிமிடம் பார்த்தார்கள். முள் அசையவில்லை, குமிழ் வரவில்லை.

மாட்டிய பிறகு வந்த கோளாறு

ரேடியேட்டரை மாட்டி, கம்பெனி அளவு 0.9 மூடியையும் புது மேல் ஹோஸ் கிளிப்பையும் போட்டு, வண்டியிலேயே மறுபடி அழுத்தம் ஏற்றியதில் 13 பிஎஸ்ஐ ஐந்து நிமிடத்தில் 12 ஆனது. கசிந்தது ஒட்டிய இடமல்ல. அடி வடிகால் திருகு. அதன் ரப்பர் ஓ-ரிங் பத்து வருடமாக ஒரே இடத்தில் அமுங்கிக் கிடந்து, திறந்து மூடியதும் பழைய வடிவத்துக்கு வரவில்லை. திருகை இன்னும் இறுக்கினால் நின்றிருக்கலாம். பிளாஸ்டிக் மரை போயிருக்கவும் கூடும். புது ஓ-ரிங்கில் சிலிக்கான் கிரீஸ் தடவிப் போட்டதும் நின்றது. கசிவு வேலைக்கு வடிகாலைத் திறந்தால் ஓ-ரிங்கை மாற்றிவிடுவது நல்லது. சில ரூபாய்ச் சாமான்.

நிரப்புவதில் ஒரு கணக்கு உண்டு. இந்த வண்டியின் மொத்தக் கொள்ளளவு, கையேட்டின்படி, 4.2 லிட்டர். அலசிய பிறகும் இன்ஜின் பிளாக்குக்குள் ஒரு லிட்டருக்கு மேல் வெறும் பேட்டரி தண்ணீர் தங்கிவிடும். அதன் மேல் பாதிக்குப் பாதி கலந்த ரெடிமேட் கூலன்டை ஊற்றினால் கடைசியில் கிடைப்பது 35 சதவீதம்தான். எனவே கலக்காத கூலன்ட் 2.1 லிட்டரை முதலில் ஊற்றி, மீதி இடத்தைப் பேட்டரி தண்ணீரால் நிரப்பினார்கள். ஓட்டிய பிறகு ரிஃப்ராக்டோமீட்டர் 49 சதவீதம் காட்டியது. நம்ம ஊரில் கூலன்ட் உறையப் போவதில்லை. ஆனாலும் அரிப்புத் தடுப்புக்கும் கொதிநிலைக்கும் அந்தப் பாதி வேண்டும். பாதிக்குப் பாதி கலவை 0.9 பாரில் சுமார் 125 டிகிரி வரை கொதிக்காது. நிறத்தைப் பார்த்து வாங்குவதும் வேண்டாம். பச்சையோ சிவப்போ கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டிக் கையேடு சொல்லும் வகையைத்தான் பார்க்க வேண்டும். வேறு வகையோடு கலந்தால் தடுப்பு மருந்தின் ஆயுள் குறையும்.

காற்றை வெளியேற்ற வண்டியின் முன்பக்கத்தைச் சரிவில் உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்த நிலையில் ஐடிலில் ஓட்டினார்கள். மேல் ஹோஸை அவ்வப்போது பிசைய, பெரிய குமிழ்கள் வந்தபடி இருந்தன. தெர்மோஸ்டாட் திறந்ததும் லெவல் சட்டென்று இறங்கியது; நிரப்பினார்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நின்ற பிறகு மூடி. ஹீட்டரில் சூடான காற்று வருகிறதா என்பதுதான் காற்று போய்விட்டதற்கான சோதனை. மே மாதத்தில் வேலூரில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து எதிர்க் கடைக்காரர் சிரித்தார்.

பின்தொடர்தல்

ஸ்பேர் டேங்கில் லெவலுக்கு நேராக டேப் ஒட்டி, தினமும் காலையில் ஆறிய நிலையில் மட்டும் பார்க்கச் சொல்லப்பட்டது. முதல் மூன்று நாளில் ஏறக்குறைய 100 மி.லி. இறங்கியது. அது கசிவு அல்ல, மிச்சக் காற்று போய்த் தண்ணீர் உள்ளே போனது. உரிமையாளர் பதறிப் போன் செய்தார்; மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னதில் ரேடியேட்டர் கழுத்து வரை நிறைந்திருந்தது. அதன் பிறகு டேப்பை விட்டு லெவல் அசையவில்லை. சூட்டில் ஏறுவதும் ஆறியதும் இறங்குவதும் திரும்ப வந்துவிட்டது. காலைச் சளசளப்பும் இல்லை.

இரண்டாவது வாரம், கடினச் சோதனை: ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,100 மீட்டர் உயரம், நான்கு பேர், ஏசியோடு. வண்டியின் முள் 80 டிகிரிக்கும் 105-க்கும் நடுவில் அசையாமல் நிற்கும் வகை. அதை நம்பாமல் ஓபிடி கருவியில் (வண்டியின் கணினியிலிருந்து அளவுகளைப் படித்துக் காட்டுவது) பார்த்ததில் மேலே போகும்போது 99 வரை ஏறி, மேட்டில் நின்றதும் ஃபேன் ஓடி 93-க்கு வந்தது. மறுநாள் காலை அழுத்தச் சோதனையில் 13 பிஎஸ்ஐ 15 நிமிடம் அப்படியே நின்றது.

இருந்தாலும் கோர் பழையதுதான். அடி ஆறு டியூப்களில் நான்கு திறந்தன, இரண்டு இன்னும் குளிர்ந்தே இருக்கின்றன. குழி விழுந்த இடங்கள் வேறு எத்தனை என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அடுத்த பங்குனிக்குள் புது ரேடியேட்டர் என்று பில்லின் அடியில் எழுதி உரிமையாளரின் கையெழுத்து வாங்கப்பட்டது. மூன்றாவது ஓட்டை விழுந்தால் ஒட்டுவதில்லை என்பதும் அதில் இருக்கிறது. டிக்கியில் இருந்த போர் தண்ணீர் பாட்டில் பட்டறை வாசல் வேப்பமரத்துக்குப் போனது. அதே இடத்தில் இப்போது இருப்பது கலந்து வைத்த கூலன்ட் ஒரு லிட்டர், மேலே மார்க்கரால் 'குடிக்காதே' என்று எழுதி.